மருந்தளவைக் கணக்கிடுவது எப்படி: வார்டில் பணியாற்றும் செவிலியருக்கான முழுமையான வழிகாட்டி

மருந்தளவுக் கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறு எதுவும் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்த எவராலும் போடக்கூடிய அந்தக் கணக்கில், முறையாகப் பயிற்சி பெற்ற செவிலியர்களும் தவறிவிடுகிறார்கள் என்றால், குறை பெரும்பாலும் கணிதத்தில் இருப்பதில்லை; கணக்கைத் தொடங்கும் முன் படிக்க வேண்டியதைச் சரியாகப் படிக்காததில் இருக்கிறது. ஆர்டரில் உள்ளது ஒரு நாளுக்கான அளவா, ஒரு வேளைக்கான அளவா. கையில் இருக்கும் வயலில் (ஊசி மருந்துக் குப்பியில்) 1 மி.லி.க்கு எவ்வளவு மருந்து இருக்கிறது. எடுத்திருக்கும் சிரிஞ்ச் அந்த மருந்துக்குப் பொருந்துமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், மீதமுள்ளது அரை நிமிட வேலை. உலக சுகாதார நிறுவனம் நோயாளர் பாதுகாப்புக்கான தனது மூன்றாவது உலகளாவிய இயக்கத்தை 2017 மார்ச்சில் தொடங்கியபோது, மருந்துகளால் நேரும் தவிர்க்கக்கூடிய தீங்குகளையே அதன் பொருளாக எடுத்துக்கொண்டது. அந்தத் தீங்குகளில் ஒரு பகுதியைத் தடுக்கும் இடம் நம் கையில் இருக்கும் மருந்துத் தட்டுதான்.

இங்கே வரும் அளவுகள் அனைத்தும் கணக்கு முறையை விளக்குவதற்கானவை. நோயாளிக்குக் கொடுக்க வேண்டியது மருத்துவர் எழுதிய ஆர்டரும் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையும் சொல்லும் அளவை மட்டுமே.

1. ஆர்டரை முழுமையாகப் படித்தல்

மருந்தின் பெயர், அளவு, அளவின் அலகு, கொடுக்கும் வழி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்ற ஐந்தும் கேஸ் ஷீட்டில் இருந்தால்தான் அது ஆர்டர். "அமிகாசின் 1 வயல்", "பொட்டாசியம் குளோரைடு 1 ஆம்பூல்" (கழுத்தை உடைத்து எடுக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் அதைக் கணக்கிடவே முடியாது. ஏனென்றால் ஒரே மருந்து வெவ்வேறு வலிமைகளில் வருகிறது. அப்போது டியூட்டி டாக்டரிடம் மில்லிகிராமிலோ, பொட்டாசியம் போன்ற உப்புகளை அளக்கும் அலகான மில்லி ஈக்விவலன்டிலோ எழுதித் தரும்படி கேட்க வேண்டும். இதைக் கேட்பது மருத்துவரைக் கேள்வி கேட்பதாகாது. அவர் மனத்தில் வைத்திருக்கும் அளவு நம் கைக்கு அப்படியே வந்து சேர வேண்டும் என்பதற்காகக் கேட்கிறோம்.

தசமப் புள்ளி இருக்கும் இடங்களில் இருமுறை நிறுத்திப் படியுங்கள். புள்ளிக்கு முன்னால் சுழியம் கட்டாயம் வேண்டும், ".5 மி.கி." என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும், ஆகவே "0.5 மி.கி." என்றே எழுத வேண்டும். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சுழியமும் கூடவே கூடாது, "5.0" என்பது அவசரத்தில் 50 ஆகத் தெரியும். இன்சுலினுக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினுக்கும் "யூ" என்ற ஒற்றை எழுத்தைப் போடாமல் யூனிட் என்று முழுச் சொல்லாக எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான். அந்த ஆங்கில எழுத்து கையெழுத்தில் சுழியமாக மாறி 4 யூனிட்டை 40 ஆக்கிவிடுகிறது. தொலைபேசியில் வரும் ஆர்டரில் "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதால், "ஒன், ஃபைவ், ஃபிஃப்டீன் மில்லிகிராம்தானே டாக்டர்" என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகே குறித்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகள் பிரிவில் அதிகம் சறுக்கும் இடம், நாளுக்கான அளவும் வேளைக்கான அளவும் கலந்துபோவது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அமாக்ஸிசிலின் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 40 மி.கி., 3 வேளையாகப் பிரித்து என்று ஆர்டர் இருந்தால், நாளுக்கு 15 × 40 = 600 மி.கி.; வேளைக்கு 600 ÷ 3 = 200 மி.கி. சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றால் 1 மி.லி.க்கு 25 மி.கி.; ஆகவே வேளைக்கு 8 மி.லி. கடைசி வகுத்தலை விட்டுவிட்டால் குழந்தைக்கு ஒவ்வொரு வேளையும் மூன்று மடங்கு மருந்து போகும்.

2. எடையை நிறுத்து அறிதல்

கிலோவுக்கு இவ்வளவு என்று எழுதப்பட்ட மருந்து எதற்கும் எடைதான் அடித்தளம். அது தவறினால் அதன்மேல் எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டாலும் விடை தவறுதான். தாய் சொல்லும் எடை, சென்ற மாதம் தடுப்பூசி அட்டையில் எழுதிய எடை, கண்ணால் பார்த்து ஊகித்த எடை ஆகியவற்றை வைத்து மருந்து கணக்கிடக் கூடாது. கைக்குழந்தையை உடையும் நாப்கினும் இல்லாமல் நிறுத்து, எடையையும் தேதியையும் கேஸ் ஷீட்டின் தலைப்பில் எழுதுங்கள். நிறுக்க அவகாசமே இல்லாத அவசர நிலையில், 1 முதல் 10 வயது வரை வயதுடன் 4 கூட்டி 2 ஆல் பெருக்குவது ஒரு தோராய வழி. 3 வயதுக் குழந்தைக்கு 14 கிலோ என்று வரும். அப்படிக் கண்டுபிடித்த எண்ணின் அருகே "தோராயம்" என்று எழுதி, குழந்தையின் நிலை சீரானவுடன் நிறுத்துத் திருத்திவிட வேண்டும்.

3. எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவருதல்

1 கிராம் என்பது 1000 மி.கி.; 1 மி.கி. என்பது 1000 மைக்ரோகிராம். 1 லிட்டர் என்பது 1000 மி.லி. ஆர்டரும் லேபிளும் வேறு வேறு அலகில் இருந்தால், கணக்குப் போடும் முன்பே ஒன்றை மற்றதன் அலகுக்கு மாற்றிவிடுங்கள். தைராக்ஸின் 0.05 மி.கி. என்று ஆர்டரிலும் 50 மைக்ரோகிராம் என்று மாத்திரைப் பட்டையிலும் இருந்தால் இரண்டும் ஒன்றே. மைக்ரோகிராமைக் கிரேக்க எழுத்துக் குறியீட்டால் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. அது மில்லிகிராமாகப் படிக்கப்பட்டால் தவறு ஆயிரம் மடங்கு.

சதவீதத்திலும் விகிதத்திலும் எழுதப்பட்ட மருந்துகள்தான் பலரைத் தயங்க வைக்கின்றன. 1 சதவீதம் என்றால் 100 மி.லி.யில் 1 கிராம், அதாவது 1 மி.லி.யில் 10 மி.கி. ஆகவே சதவீத எண்ணை 10 ஆல் பெருக்கினால் 1 மி.லி.யில் எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்துவிடும்: 2 சதவீத லிக்னோகெய்னில் 20 மி.கி., 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட்டில் 100 மி.கி., 50 சதவீத மெக்னீசியம் சல்ஃபேட்டில் 500 மி.கி. விகிதம் என்றால் 1 கிராம் எத்தனை மி.லி.யில் கரைந்திருக்கிறது என்று பொருள். அட்ரினலின் 1:1000 என்பது 1 மி.லி.யில் 1 மி.கி.; 1:10,000 என்பது 1 மி.லி.யில் 0.1 மி.கி. 1 மி.லி. ஆம்பூலுடன் 9 மி.லி. நார்மல் சலைன் (ஊசிக்கான உப்பு நீர்) சேர்த்தால் முதலாவது இரண்டாவதாகும். கடும் ஒவ்வாமையில் பெரியவருக்குத் தசையில் 0.5 மி.கி. என்றால் 1:1000 கரைசலில் 0.5 மி.லி.; கிலோவுக்கு 0.01 மி.கி. என்ற கணக்கில் 15 கிலோ குழந்தைக்கு 0.15 மி.கி., அதாவது 0.15 மி.லி. இந்த இரண்டு எண்களையும் அவசர டிராலியின் மூடியில் எழுதி ஒட்டி வைத்திருக்கும் வார்டுகளைப் பார்த்திருக்கிறேன். எல்லா வார்டுகளிலும் அது இருக்க வேண்டும்.

4. "1 மி.லி.யில் எவ்வளவு" என்று எழுதுதல்

தேவையான அளவைக் கையிருப்பு அளவால் வகுத்து, கையிருப்பு எத்தனை மி.லி.யில் இருக்கிறதோ அதனால் பெருக்கு என்ற சூத்திரத்தைக் கல்லூரியில் எல்லோரும் படித்திருப்போம். அது சரியான சூத்திரம்தான். ஆனாலும் சூத்திரத்தில் எண்களை நிரப்புவதற்கு முன், லேபிளைக் கண்ணால் பார்த்து "1 மி.லி.யில் இவ்வளவு" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள் என்பதே நான் புதிதாகப் பணியில் சேர்பவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது. அந்த ஒரு வரியை எழுத வேண்டுமென்றால் வயலைக் கையில் எடுத்துத் திருப்பிப் படித்தே ஆக வேண்டும். நினைவிலிருந்து எழுத முடியாது.

அமிகாசினை எடுத்துக்கொள்வோம். 2 மி.லி. வயலில் 100 மி.கி., 250 மி.கி., 500 மி.கி. என்று மூன்று வலிமைகள் கிடைக்கின்றன. வயலின் உருவத்தில் பெரிய வேறுபாடு இல்லை. 1.8 கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 27 மி.கி. தேவை. 100 மி.கி. வயல் என்றால் 1 மி.லி.யில் 50 மி.கி.; 27 ÷ 50 = 0.54 மி.லி. நேற்றுவரை வார்டில் இருந்தது அந்த வயல். இன்று ஸ்டோரிலிருந்து வந்திருப்பது 500 மி.கி. வயல், அதில் 1 மி.லி.க்கு 250 மி.கி. நேற்றைய பழக்கத்தில் 0.54 மி.லி. எடுத்தால் குழந்தைக்குப் போவது 135 மி.கி., ஐந்து மடங்கு. சிறுநீரகத்தையும் செவியையும் பாதிக்கக்கூடிய மருந்து அது. 500 மி.கி. வயல் மட்டுமே கிடைக்கும் நாளில் தேவையான அளவு 0.108 மி.லி. என்று வரும், அதை எந்த சிரிஞ்சிலும் நம்பகமாக அளக்க முடியாது. அப்போது அந்த வயலிலிருந்து 1 மி.லி. எடுத்து, அதனுடன் 4 மி.லி. நார்மல் சலைன் சேர்த்து 5 மி.லி. ஆக்குங்கள். 250 மி.கி. 5 மி.லி.யில் இருப்பதால் மீண்டும் 1 மி.லி.க்கு 50 மி.கி.; மீண்டும் 0.54 மி.லி.

வயலின் மொத்த அளவையும் 1 மி.லி. அளவையும் குழப்பிக்கொள்வது இன்னொரு கண்ணி. ஹெப்பாரின் 5 மி.லி. வயலில் "25,000 யூனிட்" என்பது மொத்தம், 1 மி.லி.யில் 5000 யூனிட். அதே 5 மி.லி. உருவத்தில் 1 மி.லி.க்கு 1000 யூனிட் கொண்ட வயலும் உண்டு. பாரசிட்டமாலில் துளி மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி., ஒரு சிரப்பில் 25 மி.கி., மற்றொரு சிரப்பில் 50 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வேண்டுமென்றால் முறையே 1.5 மி.லி., 6 மி.லி., 3 மி.லி. "காய்ச்சல் வந்தால் 6 மி.லி. கொடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, எந்த சிரப் என்று சொல்லாமல் விட்டால், வீட்டில் வலிமை கூடிய பாட்டில் இருந்தால் அந்தக் குழந்தைக்கு இரு மடங்கு போய்விடும். தாயிடம் பாட்டிலைக் காட்டி, அளவு மூடியிலோ வாய்வழி சிரிஞ்சிலோ கோடு போட்டுக் கொடுப்பதும் மருந்தளவுக் கணக்கின் ஒரு பகுதியே. சமையலறைக் கரண்டி எதையும் அளக்காது.

பொடியாக வரும் மருந்துகளில், கலக்கிய பிறகு பொடியும் ஓரளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். செஃப்ட்ரையாக்ஸோன் 1 கிராம் வயலில் 9.6 மி.லி. சேர்த்தால்தான் மொத்தம் சுமார் 10 மி.லி. ஆகி, 1 மி.லி.க்கு 100 மி.கி. கிடைக்கிறது. 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 50 மி.கி. என்றால் 600 மி.கி., அதாவது 6 மி.லி. முழு வயலையும் கொடுக்கும் பெரியவருக்கு இந்த நுணுக்கம் தேவைப்படாது. ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் குழந்தைகளுக்குத் தேவை. எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளைத் தூக்கிப் போடாமல் படியுங்கள்.

5. முதலில் தோராயம், பிறகு கணக்கு

கால்குலேட்டரைத் தொடும் முன், விடை எந்த அளவில் வரும் என்று மனத்தில் ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள். ஜென்டாமைசின் 2 மி.லி.யில் 80 மி.கி.; 60 மி.கி. வேண்டும். முழு ஆம்பூலுக்குக் குறைவாகவும் பாதிக்கு அதிகமாகவும், அதாவது 1 மி.லி.க்கும் 2 மி.லி.க்கும் இடையில் வர வேண்டும். கணக்குப்படி 60 ÷ 40 = 1.5 மி.லி.; பொருந்துகிறது. 0.15 அல்லது 15 என்று வந்திருந்தால் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று உடனே தெரிந்திருக்கும். மருந்தளவில் பத்து மடங்குத் தவறுகளைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

நரம்பு வழியாக (ஐ.வி., அதாவது சிரைக்குள்) செலுத்தும் பாரசிட்டமாலில் இதன் பயன் நன்றாகத் தெரியும். 100 மி.லி. பாட்டிலில் 1 கிராம், அதாவது 1 மி.லி.க்கு 10 மி.கி. 5 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 7.5 மி.கி. என்று ஆர்டர் இருந்தால் 37.5 மி.கி., அதாவது 3.75 மி.லி. மில்லிகிராம் எண்ணையே மில்லிலிட்டர் என்று எடுத்து 37.5 மி.லி. ஓடவிட்டால் 375 மி.கி. போய்விடும். ஐந்து கிலோ குழந்தைக்கு, ஒரு பெரியவருக்கான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேவைப்படுமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் கை நின்றுவிடும்.

ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மாத்திரைக்கோ வயலுக்கோ மேல் தேவைப்படுவதாகக் கணக்கு வந்தால், அதை ஐயத்துக்குரிய விடையாகவே கருதி மீண்டும் பாருங்கள். விதிவிலக்குகள் உண்டு; அவற்றில் ஒன்றைச் சற்றுப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

விடையை முழுமையாக்குவது, அதாவது தசம இடங்களைக் குறைத்து அருகிலுள்ள எண்ணாக்குவது, கடைசியில் ஒரே ஒரு முறைதான். இடையில் முழுமையாக்கினால் பிழை பெருகும். 1 மி.லி.க்குக் குறைவான அளவுகளை இரண்டு தசம இடங்களுக்கும், அதற்கு மேற்பட்டவற்றை ஒரு தசம இடத்துக்கும் வைத்துக்கொள்வது வழக்கம். அளக்கும் சிரிஞ்சும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். 1 மி.லி. சிரிஞ்சில் கோடுகள் 0.01 மி.லி. இடைவெளியில் இருக்கும், 2 மி.லி. சிரிஞ்சில் 0.1, 5 மி.லி. சிரிஞ்சில் பெரும்பாலும் 0.2. ஆகவே 0.54 மி.லி.யை 2 மி.லி. சிரிஞ்சில் எடுப்பது ஊகமே தவிர அளவு ஆகாது. மிகச் சிறிய அளவு மருந்தை எடுத்த அதே சிரிஞ்சில் சலைனையும் இழுத்துக் கலக்கக் கூடாது; சிரிஞ்சின் முனையில் தங்கியிருக்கும் மருந்தும் சேர்ந்து உள்ளே வந்து அளவைக் கூட்டிவிடும். மாத்திரையில், நடுவில் கோடு இருந்தால் மட்டுமே பாதியாக்கலாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

6. இன்சுலின்: வயலும் சிரிஞ்சும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்

நம் நாட்டில் 1 மி.லி.க்கு 40 யூனிட் கொண்ட இன்சுலின் வயல்கள் இன்றும் பரவலாகப் புழங்குகின்றன, 1 மி.லி.க்கு 100 யூனிட் கொண்ட வயல்களும் பேனாக்களும் கூடவே இருக்கின்றன. 40 யூனிட் வயலுக்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச், 100 யூனிட் வயலுக்கு ஆரஞ்சு மூடி போட்ட சிரிஞ்ச். சரியான இணையில் கணக்கே தேவையில்லை. ஆர்டரில் 20 யூனிட் என்றால் 20 என்ற கோடுவரை இழுத்தால் போதும். இணை மாறினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை எடுத்தால் 0.5 மி.லி. வரும்; அதில் 50 யூனிட் இருக்கும். நோயாளியின் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை எடுத்தால் 0.2 மி.லி.; அதில் 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை குறையவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டுவார். மறுநாள் வேறொரு செவிலியர் சரியான சிரிஞ்சில் கொடுக்கும்போது கூட்டிய அளவு முழுவதும் உள்ளே போகும். இரண்டாவது தவறு வெளியே தெரியாமல் நடப்பதால் அதையே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

சரியான சிரிஞ்ச் இல்லையென்றால் மாற்றுக் கணக்குப் போட்டுச் சமாளிக்காதீர்கள். சிரிஞ்ச் வரும்வரை மருந்தகத்துக்கு ஆள் அனுப்புங்கள். நரம்பு வழி இன்சுலினுக்காக 50 யூனிட் ரெகுலர் இன்சுலினை 50 மி.லி. ஆக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 40 யூனிட் வயலில் 50 யூனிட் என்பது 1.25 மி.லி.; சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு முறை 40, மறுமுறை 10 என்று எடுத்து, 48.75 மி.லி. நார்மல் சலைனுடன் சேர்த்தால் 1 மி.லி.க்கு 1 யூனிட். 60 கிலோ நோயாளிக்குக் கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட் என்றால் மணிக்கு 6 யூனிட். பம்பில் மணிக்கு 6 மி.லி.

7. மெக்னீசியம் சல்ஃபேட்: ஒரு முழுக் கணக்கு

மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான். கர்ப்பகால வலிப்புக்கான பிரிட்சர்ட் முறையில் முதல் தவணைக்கு 14 ஆம்பூல் தேவைப்படும். முதல்முறை பார்ப்பவர் திகைத்துப்போவார். ஆம்பூலில் 50 சதவீதம், 2 மி.லி. என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 50 சதவீதம் என்றால் 1 மி.லி.யில் 500 மி.கி.; 2 மி.லி. ஆம்பூலில் 1 கிராம்.

நரம்பு வழியாக 4 கிராம், 20 சதவீதக் கரைசலாகக் கொடுக்க வேண்டும். 4 கிராம் என்பது 4 ஆம்பூல், 8 மி.லி. 20 சதவீதத்தில் 1 மி.லி.க்கு 200 மி.கி. என்பதால் 4000 ÷ 200 = 20 மி.லி. மொத்தம் இருக்க வேண்டும். ஆகவே 12 மி.லி. நார்மல் சலைன் அல்லது ஊசிக்கான நீர் சேர்க்க வேண்டும். இந்த 20 மி.லி.யை நிமிடத்துக்கு 1 கிராமுக்கு மேல் போகாமல், அதாவது நிமிடத்துக்கு 5 மி.லி.யைத் தாண்டாமல், குறைந்தது 4 நிமிடம், நடைமுறையில் 5 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்த வேண்டும். அடுத்து ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், அதாவது 50 சதவீதக் கரைசலில் 10 மி.லி., அத்துடன் வலி குறைய 2 சதவீத லிக்னோகெய்ன் 1 மி.லி. சேர்த்து, தசைக்குள் ஆழமாகப் போட வேண்டும். 4 + 5 + 5 = 14 கிராம். நரம்பு வழிக்கு நீர்த்த கரைசல், தசைக்கு நீர்க்காத கரைசல் என்பதை மாற்றிவிடக் கூடாது.

அதன் பிறகு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 5 கிராம், பக்கம் மாற்றிப் போடும்போது, கணக்கோடு மூன்று பரிசோதனைகளும் சேர்ந்துகொள்கின்றன: மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, முழங்கால் அனிச்சை இருக்கிறதா, கடந்த 4 மணி நேரத்தில் சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வந்திருக்கிறதா. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அடுத்த ஊசியை நிறுத்திவைத்து மருத்துவரை அழையுங்கள். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம், அதாவது 10 சதவீதக் கரைசலில் 10 மி.லி., அந்தப் படுக்கையின் அருகிலேயே இருக்க வேண்டும்.

8. டிரிப்பின் வேகம்

மணிக்கு எத்தனை மி.லி. என்று முதலில் காணுங்கள்; பிறகு அதை ஐ.வி. செட்டின் துளி எண்ணால் பெருக்கி 60 ஆல் வகுங்கள். 500 மி.லி. 4 மணி நேரத்தில் என்றால் மணிக்கு 125 மி.லி. 1 மி.லி.க்கு 20 துளி விழும் செட்டில் 125 × 20 ÷ 60 = 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 துளி. 15 துளி செட்டில் 31 துளி. எத்தனை துளி என்பது செட்டின் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். உறையைக் கிழித்து எறியும் முன் பாருங்கள். மைக்ரோ டிரிப் செட்டில் 1 மி.லி.க்கு 60 துளி என்பதால், மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை துளி.

குழந்தைகளின் பராமரிப்பு நீர் அளவுக்கு (உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய நீர்) 1957இல் அமெரிக்க மருத்துவர்கள் ஹாலிடேயும் சேகரும் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்கு 50 மி.லி., அதற்கு மேல் 20 மி.லி. 14 கிலோ என்றால் 1000 + 200 = 1200 மி.லி. ஒரு நாளைக்கு, மணிக்கு 50 மி.லி.; மைக்ரோ செட்டில் 50 துளி.

துளியை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். பாட்டிலின் பக்கவாட்டில் பிளாஸ்டர் ஒன்றை நீளமாக ஒட்டி, 125 மி.லி.க்கு ஒரு கோடு போட்டு மணியை எழுதிவிட்டால், டிரிப் பின்தங்குவது தூரத்திலிருந்தே தெரியும். பின்தங்கியதை ஈடுகட்டத் துளியை நாமாகவே வேகப்படுத்தக் கூடாது. இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு அது மூச்சுத்திணறலில் முடியும். பொட்டாசியம் கலந்த பாட்டிலுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கடுமையானது: 15 சதவீத ஆம்பூல் 10 மி.லி.யில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. அதை எந்நாளும் நேரடியாக நரம்பில் செலுத்தக் கூடாது. பாட்டிலில் சேர்த்தவுடன் தலைகீழாகக் கவிழ்த்து நன்றாகக் கலக்காவிட்டால், அடியில் தங்கிய பொட்டாசியம் முதலில் இறங்கிவிடும்.

9. சிரிஞ்ச் பம்பு: கிலோவுக்கு, நிமிடத்துக்கு

தீவிர சிகிச்சைப் பிரிவின் கணக்குகள் கடினமாகத் தோன்றுவதற்குக் காரணம், ஒரே வரியில் நான்கு அலகுகள் இருப்பதுதான். ஒவ்வொன்றாக நீக்குங்கள். 60 கிலோ நோயாளிக்கு, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் டோபமின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். எடையை நீக்க 5 × 60 = நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம். நிமிடத்தை மணியாக்க 300 × 60 = 18,000 மைக்ரோகிராம். மைக்ரோகிராமை மாற்ற 1000 ஆல் வகுத்தால் மணிக்கு 18 மி.கி. 200 மி.கி. ஆம்பூல் 5 மி.லி.; அதனுடன் 45 மி.லி. சேர்த்து 50 மி.லி. ஆக்கினால் 1 மி.லி.க்கு 4 மி.கி. ஆகவே 18 ÷ 4 = மணிக்கு 4.5 மி.லி.

டியூட்டி மாறும்போது இதைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். பம்பு 4.5 காட்டுகிறது, 4.5 × 4 = 18 மி.கி.; 1000 ஆல் பெருக்கி, 60 நிமிடத்தாலும் 60 கிலோவாலும் வகுத்தால் 5. ஆர்டரோடு பொருந்துகிறது. இரவில் யாரேனும் உள்ளே போகும் நீரின் அளவைக் குறைப்பதற்காக 400 மி.கி.யை 50 மி.லி.யில் கலந்திருந்தால், அதே 4.5 மி.லி. வேகத்தில் 10 மைக்ரோகிராம் போய்க்கொண்டிருக்கும். பம்பின் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் அது பிடிபடாது. சிரிஞ்சின்மேல் ஒட்டிய லேபிளில் மருந்தின் பெயர், மொத்த மில்லிகிராம், மொத்த மி.லி., கலந்த நேரம், கலந்தவர் கையொப்பம் இல்லையென்றால் அந்த சிரிஞ்சைப் பொறுப்பேற்காமல் கேள்வி கேளுங்கள்.

10. இரண்டாவது செவிலியரின் கணக்கும் பதிவும்

இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், மெக்னீசியம், ஓபியாய்டு வலிநிவாரணிகள், புற்றுநோய் மருந்துகள், பச்சிளங்குழந்தைக்கான எந்த ஊசி என்றாலும், இன்னொருவர் தனியாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். "0.54 தானே அக்கா?" என்று விடையைச் சொல்லிவிட்டுக் கேட்டால் அவர் தலையசைப்பார், அது சரிபார்ப்பு ஆகாது. ஆர்டரையும் வயலையும் அவர் கையில் கொடுத்து, "அக்கா, இந்தப் பாப்பாவுக்கு அமிகாசின் 27 மில்லிகிராம், உங்க கணக்குல எத்தனை மி.லி. வருது?" என்று கேட்டு, இருவர் விடையும் ஒன்றாக வந்தால் மட்டுமே மருந்தை இழுங்கள். விடைகள் மாறினால், மூத்தவர் என்பதற்காக எவருடைய எண்ணையும் ஏற்காமல், இருவரும் சேர்ந்து லேபிளிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். இரவில் தனியாகப் பணியில் இருப்பவர் பக்கத்து வார்டை அழைக்கத் தயங்க வேண்டாம். ஐந்து நிமிடத் தாமதத்தைத் தாங்காத மருந்துகள் மிகச் சில, அவற்றின் அளவு அவசர டிராலியில் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கொடுத்த பிறகு, "அமிகாசின் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாமல், "அமிகாசின் 27 மி.கி., 0.54 மி.லி., 100 மி.கி./2 மி.லி. வயலிலிருந்து, நரம்பு வழி, காலை 6.10" என்று எழுதுங்கள், அடுத்து வருபவர் எந்த வயலிலிருந்து எடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்வார். எழுதும்போதே தவறு கண்ணில் பட்டால், முதலில் நோயாளியிடம் போய் நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்துங்கள். மருத்துவரை அழைத்து எவ்வளவு போனது என்பதை மில்லிகிராமில் சொல்லுங்கள். அதன் பிறகு உண்மையில் கொடுத்த அளவையும், கண்டுபிடித்த நேரத்தையும், யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் பதிவு செய்து, காலி வயலையும் சிரிஞ்சையும் குப்பையில் போடாமல் மருத்துவர் பார்க்கும்வரை எடுத்து வையுங்கள்.